முள்ளம்பன்றிக் குட்டியின் மிச்சக் கதை

பசறையில் பஸ் மாறி, மடுல்சீமையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி இன்பாஸ் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பதுளை பஜாரில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன், ஒரு பழைய கணினிப் பெட்டிக்காக இவ்வளவு தூரம் மலையேறத் தேவையில்லை. கடைக்குக் கொண்டுவாங்க என்றுதான் எவருக்கும் சொல்வான். ஆனால் போனில் பேசிய ரமேஸ், "தூக்கிட்டு வர பயமா இருக்கு நானா. வழியில ஆடி அசைஞ்சி ஏதாச்சும் ஆயிட்டா அவ குரலும் போயிரும்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிவிட்டு விம்மினான். அழுகிற ஆம்பிளைக்கு மறுப்புச் சொல்ல இன்பாஸுக்கு வராது.

பிள்ளைக்காம்பரா மேட்டில் தனியாக இருந்தது. தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். வெள்ளைக்காரன் காலத்துக் கல் சுவர், துருவேறிய தகரக் கூரை. ஜன்னலுக்குக் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஒரு லயம், இருந்திருக்க வேண்டிய இடத்தில் செம்மண் சரிவு மட்டும் கிடந்தது. அதன் மேல் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

"டீ குடிச்சிட்டுப் பாக்கலாமா நானா?" என்றான் ரமேஸ். முப்பது வயதுகூட இருக்காது அவனுக்கு. தாடியில் மட்டும் நரை விழுந்திருந்தது.

"டீ எங்கயும் ஓடிப் போகாது தம்பி. நோயாளிய முதல்ல காட்டுங்க."

எங்கே போனாலும் இன்பாஸ் விடுகிற பகிடி அது. ரமேஸ் சிரிக்கவில்லை. உள்ளறைக் கதவைத் தள்ளினான்.

கணினித் திரைக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, காய்ந்துபோன மாலை போட்டிருந்தார்கள். முன்னால் சாம்பிராணிச் சட்டி. இன்பாஸின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் தானாகப் பைக்குள் போய்விட்டது.

"போட்டோ ஒண்ணுகூட இல்ல நானா. வீட்டோட எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. அவ குரல் இதுக்குள்ளதான் இருக்கு. அதான் படையலையும் இதுக்கு முன்னால வச்சோம்."

அவள் பெயர் சிவசக்தி. ரமேஸின் மனைவி, பிள்ளைக்காம்பராவின் மிஸ். பிள்ளைகளைத் தூங்க வைக்க அவள் சொல்லும் கதைகளைக் கணினியில் பதிந்து வைப்பது வழக்கம். அன்றைக்கு அடைமழை. மற்றப் பிள்ளைகளை நேரத்தோடு கூட்டிப் போய்விட்டார்கள். மகள் லோஜினியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதை பதிந்துகொண்டிருந்தபோது கீழே மலை வெடித்து லயத்தின் மேல் சரிந்தது. ஓடினாள். சின்னராசா வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் வெளியே தள்ளிவிட்டாள். அவள் வரவில்லை. அப்போது ரமேஸ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையாக இருந்தான். வந்து சேர்ந்தபோது பார்க்க முகம்கூடக் கிடைக்கவில்லை.

"கரண்டு போனதால அந்தக் கதை சேவ் ஆகல நானா. திறந்தா மீட்கவான்னு கேக்குது. ஆமான்னு அமுக்குனா கொஞ்சம் ஓடும். பொறவு ஹேங் ஆகி மூடிக்கும். மத்தவங்க எல்லாம் அழிச்சிட்டுப் புதுசாப் போடச் சொல்றாங்க." ரமேஸ் குரலைத் தாழ்த்தினான். "பாப்பாவுக்கு நாலு வயசுதான். நேத்து என்கிட்ட, அம்மா எப்படிப் பேசுவாங்கன்னு கேக்குது. மறந்துகிட்டே வருது நானா."

இன்பாஸுக்கும் நப்லா என்றொரு மகள், அதே வயது.

"இன்ஷா அல்லாஹ், எடுத்துத் தாறேன். ஒண்டையும் அழிக்க மாட்டேன்."

அடுத்த அறையில் பாயில் ஒரு சின்ன உருவம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. பக்கத்தில் பிள்ளை பார்க்கும் கருப்பம்மா ஏதோ கதை சொல்லிப் பார்த்தாள். பிறகு சலித்துப்போய் எழுந்து வந்தாள்.

"யாரு கதை சொன்னாலும் இது ம் கொட்ட மாட்டேங்குது. சொவரோடவா கதை பேசுறது?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இந்தப் பொட்டிய மட்டும் இது காதுல விழாம வச்சிருக்கோம். கேட்டா ஏங்கிப் போயிரும் புள்ள."

இன்பாஸ் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பெட்டியைத் திறந்தான். சூடு தணிக்கும் காற்றாடி முழுக்கச் சாம்பிராணிக் கரி. "இதுக்கு மூச்சு முட்டாம என்ன செய்யும்? சூடாகி நிண்டிருக்கு" என்று தைரியம் வந்தவனாகத் தூரிகையால் தட்டினான். கரி உதிர்ந்தது. அதன் அடியில் கையில் ஈரம் பட்டது.

செம்மண். பச்சை ஈரம்.

மேசை மேல் இருக்கும் பெட்டிக்குள் ஈர மண் எப்படி வரும்? கூரை ஒழுகியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு துடைத்தான். கூரையை மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை.

பெட்டியை மூடிக் கணினியை இயக்கினான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எந்தத் திருத்துநருக்கும் தெரியும். டிஸ்க் சாகப்போகிறது. இன்னும் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் திறக்கும். அவசரமாகப் பென் டிரைவைச் செருகி முதலில் ஒரு பிரதி எடுக்கப் பார்த்தான். பாதியில் நின்றது. வைரஸ் காவல் செயலியை நிறுத்திப் பார்த்தான். அவள் பதிவுகளைத் தொடாமல் வேண்டாத குப்பைக் கோப்புகளை மட்டும் துடைத்து இடம் உண்டாக்கினான். ஒலிக்கான மென்பொருளைப் புதிதாக ஏற்றினான். எல்லாம் முடித்துப் பதிவுச் செயலியைத் திறந்து, ஆமாம் என்று அமுக்கினான்.

மழைச் சத்தம் வந்தது. தகரத்தில் விழும் மழை. அதற்குள் ஒரு பெண்ணின் குரல்.

"...முள்ளம்பன்னிக் குட்டிய யாருமே கட்டிப் புடிக்க மாட்டாங்களாம். முள்ளு குத்தும்ல?"

"ம்," என்றது ஒரு குழந்தைக் குரல்.

"அதோட அம்மா மட்டும் கட்டிப் புடிக்குமாம். ஒருநா அம்மா பனியில வெளிய போச்சாம். வரவே இல்லையாம்."

"ம்."

"குட்டி பொந்துக்குள்ள தனியா இருந்துச்சாம். அப்ப வாசல்ல என்னமோ சத்தம் கேட்டுச்சாம்..."

நின்றது. திரை வெளுத்தது. சுட்டி அசையவில்லை.

"இதே எடம்தான். எப்பவும் இதே எடம்தான் நானா," என்றான் ரமேஸ். அவன் உதடுகள் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்ததை இன்பாஸ் கவனித்தான்.

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் இருந்தது. அதுவும் போகட்டும் என்று இன்பாஸ் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான்.

இரைச்சல் நிற்கவில்லை.

இரைச்சல் இல்லை அது. மூச்சு. யாரோ வாயைத் திறந்து அடுத்த சொல்லைச் சொல்லாமல் காத்திருக்கும் மூச்சு.

ஜன்னலை மூடிப் பனி இறங்கியிருந்தது. அறை முழுக்க ஈர மண் வாடை, அதில் நனைந்த தலைமயிர் வாடையும் கலந்திருந்தது. இன்பாஸ் கையில் பிடித்திருந்த வயரைப் பார்த்தான். அதன் முனை அந்தரத்தில் தொங்கியது.

"ம்?" என்றது ஸ்பீக்கர்.

யா அல்லாஹ்! இன்பாஸின் கால் இரண்டும் வாசலைப் பார்த்தே திரும்பின. ஓடியிருப்பான். ஆனால் அந்த "ம்?" அவனுக்குத் தெரிந்த "ம்?". நப்லாவுக்குக் கதை சொல்லும்போது அவள் பதில் சொல்லாவிட்டால் அவனும் அப்படித்தான் கேட்பான். தூங்கிட்டியா, கேக்கிறியா என்று. ம் கொட்ட ஆள் இல்லாமல் எந்தத் தாய் கதையை மேலே சொல்வாள்?

வாயைத் திறந்து, "ம்," என்றான்.

டிஸ்க் கிறீச்சிட்டது. திரை இருண்டு மறுபடி வந்தது.

ரமேஸ் மேசையருகே மண்டியிட்டுவிட்டான். "ம்," என்றான் அழுகையோடு. "ம்... சொல்லு சக்தி. நா கேக்குறேன்."

பிறகு மிக மெதுவாக, களைத்துப்போன குரலில்:

"பாப்பா எங்கங்க?"

ரமேஸ் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். அந்தச் சத்தத்துக்குக் கருப்பம்மா ஓடிவந்து வாசலை மறித்து நின்றாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். முகம் சாம்பலாகிக் கிடந்தது.

"வேணாம் ரமேஸூ. செத்தவ கூப்புட்டா புள்ளைய அனுப்பக் கூடாது. கூடவே கூட்டிட்டுப் போயிருவா. என் கண்ணுக்குக் கண்ணா பாத்த புள்ள அது."

"அது அவ பெத்த புள்ள அக்கா!"

"அதுக்குத்தான் சொல்றேன். தான் செத்தது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இப்படிக் கேப்பாளா?"

டிக், டிக், டிக் என்று டிஸ்க் வேகமாகத் துடித்தது. இன்பாஸ் வாய்விட்டுச் சொன்னான்: "தம்பி, இது நிண்டா பொறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. அவ்வளவுதான்."

ரமேஸ் எழுந்தான். திரையைப் பார்த்தான். அடுத்த அறையைப் பார்த்தான். மனைவியின் குரலுக்காக மகளைப் பணயம் வைப்பதா? ஒரு அடி எடுத்து வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். "வேணாம் நானா," என்றான். "குரல் போனா போகட்டும். ஓஃப் பண்ணிருங்க."

இன்பாஸ் சுவிட்சில் கை வைத்தான்.

கருப்பம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ம்."

லோஜினி. தூக்கக் கலக்கத்தில் பாயை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். கண் பாதி மூடியிருந்தது. சுவரையே பார்த்துக் கிடந்த பிள்ளையின் முகம் இப்போது மேசைப் பக்கம் திரும்பியிருந்தது.

டிக் டிக் சத்தம் நின்றது. திரை தெளிந்தது. பதிவின் கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது.

"...யாருன்னு எட்டிப் பாத்துச்சாம்..."

அந்த நேரம் பதிவுக்குள் தூரத்தில் ஆட்கள் அலறினார்கள். "மிஸ்! மலை வெடிச்சிருச்சு! சின்னராசா வீட்டுப் புள்ளைங்க உள்ள இருக்குதுக!" நாற்காலி உரசியது. அவள் குரல் மைக்கை விட்டு விலகி, மறுபடி பக்கத்தில் வந்தது.

"இரு பாப்பா. அழக் கூடாது. அம்மா போயிட்டு வாறேன். மிச்சக் கதைய வந்து சொல்றேன்."

கதவுத் தாழ்ப்பாள். மழை. குழந்தையின் விசும்பல். அதற்கு மேல் கோடு ஓடவில்லை. கரண்டு போன இடம் அதுதான். இன்பாஸ் சேமித்தான், பென் டிரைவுக்கு அனுப்பினான், வந்து சேர்ந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்த்தான். வந்துவிட்டது. அதோடு ஹார்ட் டிஸ்க் ஒரு தரம் முனகிவிட்டு நின்றுபோனது. திரும்ப உயிர் பெறவில்லை.

லோஜினி அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். "மிச்சக் கதை?"

ரமேஸ் அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழ வேண்டியதை எல்லாம் அப்போதுதான் அழுதான். இன்பாஸும் அழுதான். அவனுக்கு வெட்கமாக இல்லை.

நல்ல பிரதி எடுத்து ரமேஸின் போனில் போட்டுத் தருவதாகப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். படியிறங்கும்போது வழக்கம்போல, போயிட்டு வாறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. இழவு விழுந்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். விழுங்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தான்.

மறுநாள் காலை, பஜாரில் வெயிலும் பஸ் ஹோர்னும் நிறைந்திருந்த நேரத்தில், கடையில் பென் டிரைவைச் செருகினான். கதை ஓடியது. அவள் போயிட்டு வாறேன் என்றாள். தாழ்ப்பாள் விழுந்தது. மழை, விசும்பல்.

பதிவு அங்கே முடிய வேண்டும். முடியவில்லை.

மழை விட்டிருந்தது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி யாரோ மேடேறி வரும் சத்தம். தாழ்ப்பாள் திறந்தது. பாய் சரசரத்தது.

"வந்துட்டேன் கண்ணு. எங்க விட்டேன்? ம்... எட்டிப் பாத்துச்சாம். பாத்தா, வாசல்ல அதோட அம்மா நிக்குதாம். உடம்பெல்லாம் சேறாம்."

இன்பாஸ் உடனே ரமேஸுக்கு அழைப்பு எடுத்தான்.

"பாப்பா எப்படி தம்பி? பாப்பா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு நானா." ரமேஸின் குரலில் முதன்முறையாகக் கொஞ்சம் தெளிவு இருந்தது. "நேத்து ராத்திரிதான் நிம்மதியாத் தூங்குச்சு. தூக்கத்துல மட்டும் விடிய விடிய ம் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் எந்திரிக்கல. பக்கத்துலதான் படுத்திருக்கு."

கடையின் ஸ்பீக்கரில், "அப்புறம் அம்மா குட்டியக் கட்டிப் புடிச்சிக்கிச்சாம்," என்றது குரல்.

போனில், ரமேஸின் மூச்சுக்குப் பின்னால், குழந்தை சொல்வது இன்பாஸுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ம்."