சிவந்த மிளகைத் தின்றது யார்?

பாவாயிக்கு வந்த கோபத்தில் காதெல்லாம் சுட்டது.

"கண்ணாயி திருடலீங்கப்பா!" என்று கத்தினாள்.

"பின்ன யாரு? நம்ம கொல்லைக்கு அவதானே நெதமும் வாரா?" என்றார் அப்பா அர்த்தனாரி. பலாமரத்தில் ஏறிய மிளகுக்கொடியில் பழுத்துச் சிவந்த மணிகள் மட்டும் காணாமல் போயிருந்தன. "பொழுது சாயட்டும். ஊர்க்கவுண்டர்கிட்டச் சொல்லி நாயம் கேக்கறேன்."

அன்று காலையில்தான் அப்பா கண்ணாயியின் முகத்துக்கு நேராகவே "திருடி" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பாவாயியின் உயிர்த்தோழியுமான அவள் அழுதுகொண்டே ஓடிப்போனாள்.

கொல்லிமலைக்கு ரோடே வராத காலம் அது. மிளகைத் தலையில் சுமந்து அடிவாரத்துச் சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கினால்தான் வீட்டுக்கு உப்பும் துணியும் வரும். அதற்காக இப்படியா பேசுவது?

"எவன் வந்தாலும் இன்னைக்கு உட மாட்டேன்!" என்று பாவாயி கையில் கல்லோடு கொல்லையில் போய் உட்கார்ந்தாள்.

வந்தது கொண்டைக்குருவி. தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கடியில் சிவப்பு. பச்சை மணிகளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிவந்ததாகப் பார்த்து லபக் லபக்கென்று விழுங்கியது. பின்னாலேயே இன்னும் நான்கு வந்தன.

"அடி திருட்டுக் குருவிகளா! தின்னது நீங்க, கெட்ட பேரு அவளுக்கா?"

பாவாயி கல்லை ஓங்கினாள். ஓங்கிய கை நின்றது. விரட்டிவிட்டால் அப்பாவிடம் எதைக் காட்டுவது?

பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். வயிறு நிறைந்த குருவிகள் வேலியோரப் பாறைமேல் போய் உட்கார்ந்தன. அவை பறந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். பாறையெங்கும் காய்ந்த எச்சம். அதற்குள் வெள்ளை வெள்ளையாக விதைகள்!

விதைகளைப் பொறுக்கிப் பலா இலையில் வைத்து அப்பாவிடம் நீட்டினாள். "இது என்னான்னு சொல்லுங்க பாக்கலாம்."

அர்த்தனாரி ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். "அட, நம்ம மிளகு! தோலெல்லாம் உரிச்சு எவ்வளவு சுத்தமா இருக்குது! எங்க கண்ணு கெடச்சுது?"

"கொண்டைக்குருவி பேண்டதுங்கப்பா."

அப்பா துப்பினார். துப்பிக்கொண்டே பாறையைப் போய்ப் பார்த்தார். வந்து மறுபடியும் துப்பினார்.

"சரி, ஊர்க்கவுண்டர்கிட்டப் போகல. உடு."

பாவாயிக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "உடறதா? திருடின்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னீங்கல்ல? இல்லைன்னும் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லுங்க!"

கண்ணாயி வீட்டு வாசலில் அப்பா தலையைச் சொறிந்தார். "தப்பு எம்மேலதான் சாமி. மிளகத் தின்னது குருவி."

கண்ணாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனி உங்க கொல்லைக்கே வர மாட்டேனுங்க."

பாவாயி அவள் காதோரம் குனிந்து, அப்பா எதைக் கடித்துப் பார்த்தார் என்று சொன்னாள்.

கண்ணாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நெசமாவா மாமா? ருசி எப்படிங்க இருந்துச்சு?"

"காரமாத்தான் இருந்துச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு, அர்த்தனாரி இன்னொரு தரம் துப்பினார்.