இரண்டு வெள்ளைக்கரு

வளையல் தானாக முழங்கை வரை ஏறியபோதுதான் கை எவ்வளவு மெலிந்துவிட்டது என்று ஜாஸ்மின் முதலில் கவனித்தாள். கழற்றி, பீரோவில் வைக்கச் சொல்லிக் கணவன் எட்வினிடம் கொடுத்துவிட்டாள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் டயாலிசிஸ் சென்டரில் எடை மிஷின் போன மாதம் காட்டியதையே இன்றும் காட்டியது.

டயட்டீஷியன் பியூலா அதை நம்பவில்லை. டேப்பைச் சுற்றி மேல்கையை அளந்தாள், சதையைக் கிள்ளிப் பார்த்தாள்.

“எடை எறங்கலன்னு நெனச்சுக்கிடாதீங்கக்கா. சதை கரையிற எடத்துல தண்ணி வந்து உக்காந்துக்கிடும். மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” எட்வினிடம் திரும்பினாள். “சார், முட்டை வெள்ளைக்கரு குடுக்கீங்களா?”

“தெனமும் ரெண்டு மேடம். ஜாஸ்மினுக்கு என் கையாலயே ஊட்டுதேன்.”

ஜாஸ்மின் அவனைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் பேரெடுத்தவன். முட்டை ஆகாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி, மாதக்கணக்காக அவளுக்குக் கஞ்சித்தண்ணிதான் ஊற்றிக்கொண்டிருந்தான். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே! ஆனாலும் பியூலாவின் முன்னால் அவனைக் கேவலப்படுத்த மனம் வரவில்லை.

வீடு திரும்பும்போது ராஜபாளையம் பஸ்ஸில் கேட்டாள். “எனக்கு எப்பங்க முட்டை குடுத்தீங்க?”

“இன்னைக்குக் காலையிலகூட தின்னியே. மறந்துட்டியாட்டி?”

கோபமே இல்லாமல், பிள்ளையிடம் பேசுவதுபோல் சொன்னான். அந்தச் சாந்தம்தான் அவளைப் பயமுறுத்தியது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ஆபரேஷன் செய்து இணைத்திருந்த ரத்தக்குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விரல் வைத்தால் மடியில் தூங்கும் பூனைபோல் இரையும். அந்த இரைச்சல் நின்றால் உயிருக்கு ஆபத்து என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இருந்தது, லேசாக.

மறுநாள் மதியம், தெருவே கண்ணயர்ந்திருந்த வெயிலில், அவித்த முட்டை வாசம் அவளை எழுப்பியது. அடுப்படியில் ஒரு கிண்ணத்தில் இரண்டு மஞ்சள்கரு, உடையாமல் உருண்டு கிடந்தன. வெள்ளைக்கரு இல்லை.

பின்னறையில் மில் பஞ்சு மூட்டைகள்தான் இருக்கின்றன, தூசி உனக்கு ஆகாது என்று எட்வின் எப்போதும் அதைப் பூட்டியே வைத்திருப்பான். இன்று பூட்டு திறந்து தொங்கியது. உள்ளே யாரோ நிதானமாக மென்றுகொண்டிருந்தார்கள்.

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

மூட்டைகள் இல்லை. ஒரு கட்டில். எட்வினின் முதுகு.

“இன்னொரு வாய் வாங்கிக்கோ ஜாஸ்மின்.”

அவளிடம் அவன் அப்படிக் கொஞ்சிப் பேசி எத்தனை காலமாயிற்று!

“அவ?” என்று கேட்டது, கட்டிலில் இருந்தது. இவள் குரலில்.

“முக்காவாசி தண்ணியாயிட்டா. இன்னுங் கொஞ்சம் பொறு.”

எட்வின் கையிலிருந்த கிண்ணத்தை நோக்கி, கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. புஷ்டியான கை. மணிக்கட்டில் அவளுடைய வளையல். இறுகிப்போய். கழற்ற முடியாதபடி.

ஜாஸ்மின் தன் இடது கையைத் தொட்டாள்.

இரைச்சல் இல்லை.

அழுத்தினாள். விரல் உள்ளே போனது. எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், மெல்லும் சத்தம் ஓய்ந்தபோது, கட்டிலில் இருந்தவளின் இடது கை பூனைபோல் இரைந்துகொண்டிருந்தது.