பச்சைப் பொடி

வீட்டுக் குளியலறையில் கைகழுவும்போதுதான் மணிக்கட்டில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தாள். கடுகளவுதான். தண்ணீர் பட்டதும் போய்விட்டது, ஆனாலும் அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

அவள் வேலை பார்ப்பது கொசு வளர்க்கும் ஆய்வகத்தில். மலேரியாக் கிருமி உள்ள ரத்தத்தைக் கொசுக்களுக்கு ஊட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். கிருமி கொசுவின் வயிற்றுச் சுவரில் கொப்புளமாகத் தங்கும். கொப்புளம் வெடித்து, ஊசி ஊசியாக ஆயிரக்கணக்கில் கிளம்பி, எச்சில் சுரப்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒரு கடிதான் பாக்கி. அந்தக் கொசுக்களுக்கு மட்டும் பச்சைப் பொடி தூவுவார்கள், தப்பினால் அடையாளம் தெரிய வேண்டுமே. இந்த முறை ஊட்டியிருப்பதோ எந்த மருந்துக்கும் மசியாத கிருமி.

"பழுத்தாச்சுடி, இனிமே தொட்டா போதும்" என்று இன்று பக்கத்து மேசைக்காரி நுண்ணோக்கியிலிருந்து கண்ணெடுத்துச் சிரித்தாள். சுரப்பிகள் நிரம்பியிருந்தன.

குழாயை மூடினாள். வாளியில் சொட்டும் தண்ணீரும், ஈரச் சுவரின் பாசி வாடையும், கதவிடுக்கு வழியே வந்த அந்தி வெளிச்சமும் அவளை எங்கோ இழுத்துக்கொண்டு போக, குளிரறையில் நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அறுப்பதற்கு முன் கொசுக்களை அங்கேதான் மயங்கவைப்பார்கள். அங்கே போடும் ஸ்வெட்டர் துவைக்கப் போயிருந்ததால், நடுக்கம் தாங்காமல் வீட்டு ஸ்வெட்டரையே மாட்டிக்கொண்டாள். தட்டிலிருந்து ஒன்று அவள் கைமேல் நழுவியது. செத்ததுதானே என்று தட்டிவிட்டாள், எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

குளிரில் மயங்கியதும் செத்ததும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள் என்று புதியவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்பவளே அவள்தான். சூடு பட்டால் எழுந்துவிடும்.

கம்பளிச் சூடு. உடம்புச் சூடு.

"என்னங்க, என் ஸ்வெட்டர் எங்க?"

"பாப்பாவுக்குப் போத்திவிட்டேன்" என்றான் கணவன், சமையலறையிலிருந்து. "உன் வாசனை இல்லாம அவ எங்க தூங்குறா? வலையையும் நல்லா சொருகிட்டேன். ஒரு கொசு நுழையாது."

வலை சொருகுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஓடினாள்.

கட்டிலைச் சுற்றி வெள்ளை வலை. நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் இறுக்கமாக. ஓர் இடைவெளி கிடையாது.

ரீங்காரம்.

வெளியே இல்லை. உள்ளே.

வலையின் உட்புறத்தில் அது வந்து உட்கார்ந்தது, தலை தாழ்த்தி, வால் தூக்கி. றெக்கையில் பச்சை. வயிறு சிவந்து கனத்திருந்தது.

"எழுந்துட்டாளா?" என்றான் அவன்.

தூக்கத்திலேயே பாப்பா கன்னத்தைச் சொறிந்துகொண்டாள். பிறகு கை மெல்ல நழுவியது.

கன்னத்தில் சின்னத் தடிப்பு. அதன்மேல், கடுகளவு பச்சை.