கறுப்புக் கதவின் பின்பக்கம்

ஹெட்போனைக் கழற்றிய பிறகும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விளையாட்டுக்குள் கேட்க வேண்டிய சத்தம் அது. மூன்றாம் பாகத்து நிலவறையில், படிக்கட்டு முடிகிற இடத்தில், கல்லிடுக்கிலிருந்து விழும் சொட்டு. அவள் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைப் பார்த்தாள், காய்ந்து கிடந்தது. குளியலறையிலும் அப்படியே. வெளியே சாயங்கால மழை. அதுதான் காதில் ஏதோ போலக் கேட்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தாள். சிவப்பு விடிவிளக்கு வெளிச்சத்தில் மகள் ஜுரத்தோடு சுருண்டு கிடந்தாள். ஒரு காலில் மஞ்சள் சாக்ஸ், மறுகால் வெறுங்கால். எத்தனை தடவை மாட்டிவிட்டாலும் ஒன்றை உதறிவிடுவாள், கழுதை.

"அம்மா, யாரு கதவு தட்டுறாங்க?"

"யாரும் இல்ல கண்ணு. மழை. நீ தூங்கு."

அவள் வீடியோ கேம்களைப் பற்றி எழுதிப் பிழைப்பவள். "உனக்கென்னடி, விளையாடச் சம்பளம்" என்று அக்கா வயிறெரிவாள். இந்த முறை 'ஆழ்கோட்டை' வரிசையின் ஐந்து பாகங்களையும் ஆடி, அவற்றின் நிலவறைகளை ஒப்பிட்டு எழுத வேண்டும். "முதல் பாகத்துல ஒரு ஊரே அடங்கும். அஞ்சாவதுல ஒரு வீடு அளவுதான் இருக்கு. கிழிச்சுத் தொங்கவிட்டுடு" என்று பத்திரிகை ஆசிரியர் உற்சாகமாகச் சொல்லியிருந்தார்.

அந்த வரிசைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நிலவறைக்குள் நுழைந்ததுமே ஒரு கதவு இருக்கும். தள்ளினால், 'இந்தக் கதவு இந்தப் பக்கத்திலிருந்து திறக்காது' என்று திரையில் எழுத்து வரும். லாந்தரைத் தூக்கிக்கொண்டு நிலவறை முழுக்கச் சுற்றி, செத்துப் பிழைத்து, கடைசியில் ஒரு தாழ்ப்பாளை நீக்கினால், அட, புறப்பட்ட இடம்! அந்தச் சந்தோஷத்துக்காகவே ஆடுகிறவர்கள் உண்டு. அவளும் அப்படித்தான். தாழ்ப்பாளைக் கண்டால் அவள் கட்டைவிரல் யோசிக்காது. மடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் மகளுக்கும் ஒரு வித்தை கற்றுக்கொடுத்திருந்தாள்: "வழி தெரியலன்னா இடது கைய சுவத்துல வச்சுக்கிட்டே நட. எப்படியும் வெளிய வந்துடலாம்."

ஆனால் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கதவுக்கு மட்டும் பின்பக்கமே கிடையாது. கறுப்புக் கதவு. இத்தனை வருடமாக யாரும் அதைத் திறந்ததில்லை. செய்தவர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று எல்லோரும் கைகழுவிவிட்டார்கள்.

ஐந்து வரைபடங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் அடுக்கினாள். அரங்குகள் பொருந்தவில்லை, படிகள் பொருந்தவில்லை. கறுப்புக் கதவுக்குப் போகும் பாதை மட்டும் ஐந்திலும் அச்சு அசலாக ஒன்றே. முதல் பாகத்தில் கதவு அந்தப் பாதையின் அடியாழத்தில் இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் மேலே. மூன்றாவதில் இன்னும் மேலே. கதவு மேலேறிய ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் போய்விட்ட பகுதி, அந்தப் பாகத்து வரைபடத்தில் இல்லவே இல்லை. நிலவறை சுருங்கியதே அதனால்தான். அந்தப் பக்கம் இருப்பது எதுவோ, அது மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

"வாவ்" என்றாள் வாய்விட்டு. கட்டுரைக்குத் தலைப்பே கிடைத்துவிட்டது. பயப்பட வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் பாகத்தை ஓடவிட்டாள். ஒரு கூடம். இடப்பக்கம் அடுப்படி. நீளமாக ஒரு நடை. கடைசியில் ஓர் அறை, அதன் சுவரில் கறுப்புக் கதவு. காலையில் இதைப் பார்த்துவிட்டு மகள், "நம்ம பீரோ பின்னாடி இருக்கிற கதவு மாதிரியே இருக்கும்மா" என்று சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். படுக்கையறைப் பீரோவுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பழைய கதவு உண்டு; பக்கத்து வீடும் இதுவும் ஒரு காலத்தில் ஒரே வீடு. "அந்தப் பக்கம் செங்கல் வச்சு அடைச்சாச்சும்மா" என்று வீட்டு உரிமையாளர் சாவி கொடுத்த அன்றே சொல்லியிருந்தார். கூடம், அடுப்படி, நடை, அறை என்று எல்லாமே இந்த வீட்டின் அமைப்பு. இப்போது சிரிப்பு வரவில்லை.

போன் அடித்தது. பேருந்து ஓட்டும் கணவன், வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"ஜுரம் விட்டுச்சா?"

"குறைஞ்சிருக்குங்க."

"விளையாட்டுல மூழ்கிடாத. கொஞ்சம் அவ பக்கத்துல உக்காரு."

"இதோ, ஒரே ஒரு ரூம்தான் பாக்கி."

ஹெட்போனை மாட்டினாள். விளையாட்டில் தான் இயக்கும் லாந்தர்க்காரியை இடது சுவரை உரசியபடியே நடத்தினாள். அடுப்படி மூலையில் லாந்தர்க்காரியின் தோள் பட்டதும் சுவர் விலகி வழிவிட்டது. உள்ளே இருட்டு. ஈரக் கல். சொட்டும் தண்ணீர். பழைய துணி நனைந்தது போல ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. விளையாட்டில் ஏது நாற்றம் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. பாதை திரும்பியது, மறுபடி திரும்பியது. எதிரே கறுப்புக் கதவு. அதன் பின்பக்கம்.

தாழ்ப்பாள் இருந்தது.

உலகத்திலேயே முதல் ஆள்! கதவின் அடியில் ஒரு கீற்று வெளிச்சம். சிவப்பு. விடிவிளக்குச் சிவப்பு. கதவுக்கு அப்பால் யாரோ இருமினார்கள். சின்ன இருமல், மூக்கடைத்த இருமல்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும்.

கட்டைவிரல் அதற்குள் அழுத்திவிட்டிருந்தது.

க்ரிச்.

ஹெட்போனில் ஒன்று. வீட்டுக்குள் ஒன்று. பிறகு பீரோ தரையில் இழுபடும் சத்தம்.

"அம்மா?" என்றது குழந்தையின் குரல், தூக்கக் கலக்கத்தில். "நீ ஏம்மா அந்தப் பக்கத்துலேருந்து வர்ற?"

ஓடினாள். நடை நீண்டது. இத்தனை நீளமா இந்த நடை? இடது கை தானாகவே சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. அறை. கட்டில். போர்வை கதகதப்பாக இருந்தது. உள்ளே பிள்ளை இல்லை. பீரோ விலகி நின்றது. கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் இல்லை. பிடி இல்லை. நகத்தை நுழைக்க இடுக்குக்கூட இல்லை. கத்தினாள், அடித்தாள், தோளால் இடித்தாள். அசையவில்லை. கதவிலிருந்து ஈரம் கசிந்து அவள் உள்ளங்கையில் ஒட்டியது.

கூடத்தில் ஹெட்போனிலிருந்து ஏதோ முணுமுணுப்பு.

திரும்பி ஓடி வந்தாள். திரையில் லாந்தர்க்காரி நடந்துகொண்டிருந்தாள். யாரும் இயக்கவில்லை. ஐந்தாம் பாகத்தின் கல் முடிந்து நான்காம் பாகத்தின் கல் தொடங்கியிருந்தது. பாதை கீழே போனது. லாந்தர்க்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஒரு சின்ன உருவம். ஒரு காலில் மஞ்சள் சாக்ஸ்.

அவள் எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள். "நில்லு! பாப்பா, திரும்பிப் பாரு! அது அம்மா இல்லடா!"

'இந்தக் கதவு இந்தப் பக்கத்திலிருந்து திறக்காது' என்றது திரை.

ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"இதோ வந்துட்டோம் கண்ணு" என்றது குரல். அவளுடைய குரல்.

குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. கற்றுக்கொடுத்தபடியே, இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, சமர்த்தாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.