ஓரத்தில் படுப்பவன்

ஆரினின் முதுகில் ஈரம் பட்டது. கூடாரம் ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தான். வர்ஜீனியாவின் டிசம்பர் மழை காலையிலிருந்து விடாமல் துணியைத் தட்டிக்கொண்டிருக்க, நனைந்த கம்பளியும் சேற்று பூட்ஸும் அணைந்த விறகும் கலந்த நாற்றம் உள்ளே தேங்கி நின்றது.

இரவுக் காவல் முடித்துவந்த நான்கு பேரும் குளிருக்கு ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி, ஒரே பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். யாருக்காவது இடுப்பு வலித்தால் “திரும்புங்கடா” என்பான். தூக்கத்திலேயே எல்லோரும் சேர்ந்து திரும்புவார்கள். தனியாகத் திரும்ப இடமில்லை. ஆரின் கடைசி ஆள். அவனுக்குப் பின்னால் துணி மட்டும்தான்.

போன வாரம் வரை அந்த ஓரம் லைமனுடையது. ஆரினின் மனைவிக்குத் தம்பி. இருவரும் ஒன்றாகவே ஊர்ப்படையில் பெயர் கொடுத்தவர்கள். உள்நாட்டுப் போருக்கென்று அவர்களின் வடக்கு மாநிலம் படைக்குத் தைத்துக் கொடுத்தது சாம்பல் நிறக் கோட்டு. எதிரிகளான தெற்கத்தியருக்கும் அதே சாம்பல்தான். பனிமூட்டத்தில் காவல் நின்ற ஆரின், மரங்களுக்கிடையே சாம்பல் நிறம் அசைவதைக் கண்டு சுட்டுவிட்டான். இருமிக்கொண்டு நிற்கும் மச்சானைச் சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்று நேரத்துக்கு முன்பே காவல் மாற்ற வந்திருந்தான் லைமன், அந்தப் பாவிப்பயல். குண்டு பட்ட இடத்திலேயே செத்துப்போனான். எதிரி சுட்டதாக முகாமே நம்பியது. மனைவிக்கும் அப்படித்தான் சொல்லியனுப்பினான் ஆரின். உண்மை தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஈரம் இடுப்பைச் சுற்றி வந்தது. கனமாக. ஒரு கையைப் போல.

“செபுலோன்,” முன்னால் படுத்திருந்தவனிடம் கிசுகிசுத்தான். “இன்னைக்குத் திரும்ப வேண்டாம்டா.”

“என் இடுப்பு கழண்டு விழுது. உனக்கென்ன மகாராஜா, ஓரத்துல காத்தாடக் கிடக்குற.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“பொறுத்துக்கறேன். முதல்ல என் மேலருந்து கைய எடு. ஐஸா இருக்கு.”

ஆரினின் இரண்டு கைகளும் அவன் நெஞ்சோடு மடங்கிக் கிடந்தன.

பிடரியில் மூச்சு. சூடில்லாத மூச்சு. உண்மையைச் சொல்லிவிட்டால் லைமன் போய்விடுவானோ?

“நான்தான்...”

“என்னடா நீதான்?”

மனைவியின் முகம் கண்முன் வந்தது.

“ஒண்ணுமில்ல. தூங்கு.”

செபுலோன் குறட்டை விடத் தொடங்கினான். இடுப்பைச் சுற்றிய கை இறுகியது. மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

காதுக்கு அருகில், பழகிய குரல்.

“திரும்புங்கடா.”

மூன்று பேரும் திரும்பினார்கள். தூக்கத்தில். வழக்கம்போல. செபுலோனின் தோள் இடித்துத் தள்ள, ஆரினும் திரும்பினான்.

லைமன் மட்டும் திரும்பவில்லை.

முகத்துக்கு முகம். கண்கள் திறந்திருந்தன. மச்சானுக்கு இடம் விட உடம்பைக் குறுக்கிக்கொண்டு, போர்வையை அவன் கழுத்து வரை இழுத்துவிட்டான். பின்னாலிருந்து மூன்று பேரின் கனமும் ஆரினை அந்த மார்போடு சேர்த்து அழுத்தியது.