சத்தம் போடாத மாநாடு

சம்பங்கி நாயோடு பேசுவாள். அதற்காக அவளை ஒரு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் குடும்பம் மத்தூர் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1992ஆம் வருடம் அது. அப்பா கோவிந்தப்பனுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அம்மா வெள்ளையம்மா ரோஜாப் பண்ணையில் பூ கட்டி அடுக்கப் போவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டித்தான் இருக்கும்.

அவர்கள் இருந்த லைன் வீடுகளில் பிள்ளைகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் பாதிப் பேர் தெலுங்கில் விளையாடுவார்கள், மீதிப் பேர் கன்னடத்தில் சண்டை போடுவார்கள். சம்பங்கிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ‘நீயும் வர்றியா?’ என்று யாராவது கேட்பார்கள் என்று கொஞ்ச நாள் வாசலில் நின்று பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பயந்தால் சம்பங்கியின் முகம் உர்ரென்று ஆகிவிடும். உர்ரென்று இருக்கிறவளை யார் விளையாடக் கூப்பிடுவார்கள்?

அதனால் அவள் ராமப்பன் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள்.

ராமப்பன் லாரி மெக்கானிக். நெடுஞ்சாலை ஓரத்தில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. ரோட்டில் லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போகும் நாய், ஆடு, கழுதை எல்லாவற்றையும் தூக்கி வந்து கட்டுப்போடுவார். கொஞ்சம் கொஞ்சமாக லாரிகள் வெளியே போய், பட்டறை முழுக்க மிருகங்கள் ஆகிவிட்டன. பழைய லாரிப் பலகை ஒன்றில் ‘வாயில்லா ஜீவன் காப்பகம்’ என்று அவரே பெயின்டால் எழுதி மாட்டியிருந்தார். வாயில்லா ஜீவன்கள் என்றுதான் பெயர். உள்ளே போனால் காது கிழியும்.

அங்கே சத்தமே போடாத ஒரே ஆள் டீசல். பழுப்பு நிற நாய். ஒரு லாரியின் டீசல் டேங்குக்கு அடியில் கிடைத்ததால் அந்தப் பெயர். பின்னங்கால் ஒன்று இல்லை. சம்பங்கி வந்து உட்கார்ந்தால் அவள் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். அவள் கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்.

டீசலுக்கு ஒரே ஒரு பயம், வெடிச் சத்தம். போன தீபாவளிக்கு யாரோ சரவெடி வைத்ததும், கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக நெடுஞ்சாலைக்கு ஓடிவிட்டது. ஒரு பஸ் சரக்கென்று பிரேக் போட்டதால் பிழைத்தது. தேடித் தேடி கடைசியில் தைலமரத் தோப்பில் கண்டுபிடித்தார்கள்.

“இந்தத் தடவ தப்பிச்சிடுச்சி. இன்னொரு தடவ ரோட்டுக்கு ஓடினா நமக்குக் கெடைக்காது” என்றார் ராமப்பன். அன்றிலிருந்து சம்பங்கி அதன் கயிற்று முடிச்சைத் தினமும் இழுத்துப் பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே பேச்சு இன்னும் குறைவு. அப்பா வேலை செய்தது பிரஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டை மெஷின் தடால் தடால் என்று அடித்து வளைக்கும் இடம். அங்கே பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லோரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். தமிழ்க்காரர், தெலுங்குக்காரர், கன்னடக்காரர் எல்லோருக்கும் அங்கே ஒரே கை பாஷைதான். வீட்டுக்கு வந்த பிறகும் அப்பாவுக்கு அந்தப் பழக்கம் போகாது. ரசம் வேண்டும் என்றால் விரலைச் சுழற்றுவார். போதும் என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பார்.

“சோறு திங்கிற நேரத்திலயாவது வாயத் தொறங்க” என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

சம்பங்கி அந்தச் சைகைகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஒன்றை மட்டும் அப்பா எழுந்து நின்று காட்டினார். வலது கையால் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

“யாரோ ஒருத்தன் கை மெஷினுக்குள்ள இருக்குதுன்னு அர்த்தம். இதப் பார்த்தா எவனா இருந்தாலும் அப்படியே நின்னுடணும். வெளையாட்டுக்குக்கூட இத செய்யக் கூடாது, தெரிஞ்சுதா?”

சம்பங்கி தலையாட்டினாள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், ‘இடிமுழக்கம்’ சேரராஜன் ரசிகர் மன்றத் தலைவர் திம்மப்பன் கொட்டகைக்கு வந்தார். அவரும் பிரஸ் ஷாப்பில்தான் வேலை. சம்பங்கி இருந்த லைனிலேயே கடைசி வீடு. நடிகர் சேரராஜன் மாதிரியே மீசை வைத்திருப்பார். மீசை பொருந்தியது, முகம்தான் பொருந்தவில்லை.

“ராமப்பண்ணா, எங்க தலைவரோட புதுப் படத்தில ஒரு நாய் அவரு உயிரக் காப்பாத்துது. பார்த்துட்டு மன்றத்தில எல்லாம் அழுதுட்டோம். அதனால அவரு பொறந்த நாளுக்கு இங்கயே, பக்கத்து மைதானத்தில மாநாடு வைக்கிறோம். உண்டியல்ல விழற காசெல்லாம் உங்க கொட்டகைக்குத்தான். கூரை போட்டுக்குங்க.”

ராமப்பன் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பார்க்க அங்கே கூரை பாதிதான் இருந்தது. போன மழையில் ஆட்டுக்குட்டிகள் நனைந்து, இரண்டு இறந்தே போயின. அவர் கண் கலங்கிவிட்டது.

“பெரிய மனசுப்பா உனக்கு” என்றார்.

“மனசு கெடக்கட்டும். மாநாட்டப் பாருங்க. தாரை தப்பட்டை, விசிலு, சரவெடி. கர்நாடகா பார்டர் வரைக்கும் கேக்கணும்.”

சம்பங்கி டீசலின் காதைப் பொத்தினாள்.

திம்மப்பன் போனதும் அவள் கேட்டாள். “அண்ணா, வெடி வேணாம்னு சொல்லுங்கண்ணா.”

“நான் எப்படிம்மா சொல்றது? அவங்களா தேடி வந்து குடுக்கிறாங்க. இது கூடாது, அது கூடாதுன்னா, போய்யான்னு வேற எதுக்காவது குடுத்துடுவாங்க. கூரை இல்லாட்டி அடுத்த மழைக்கு இன்னும் ரெண்டு போவும்.”

“டீசலு?”

“சங்கிலி போட்டுக் கட்டலாம்” என்றார் ராமப்பன். அவர் குரலில் நம்பிக்கையே இல்லை.

அடுத்த நாள் சம்பங்கி திம்மப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். மன்றத்து ஆட்கள் சேரராஜனின் பெரிய கட்அவுட்டுக்குச் செருப்பு வரைந்துகொண்டிருந்தார்கள். அந்தச் செருப்பே சம்பங்கி உயரம் இருந்தது. திம்மப்பனின் மகள் முனிலட்சுமி ஒரு ஓரமாக நின்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் சம்பங்கியைப் பார்த்தாள். சம்பங்கி வழக்கம்போல உர்ரென்று நின்றாள்.

“இன்னா பாப்பா?” என்றார் திம்மப்பன்.

“மாநாட்டில வெடி வேணாங்க. டீசலு பயந்து ரோட்டுக்கு ஓடிடும்.”

பெயின்ட் அடித்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “இடிமுழக்கத்தோட மாநாட்டில சத்தம் கூடாதாம்பா. பேர மாத்திடலாமா, முணுமுணுப்பு சேரராஜன்னு?” என்றான் ஒருவன்.

சம்பங்கிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் நகரவில்லை.  திம்மப்பன் தூரிகையைக் கீழே வைத்தார்.

“சரி, அழாத. வெடி இல்ல. மேளத்த அந்தக் கோடியில வச்சிக்கிறோம். போதுமா?”

சம்பங்கி போதும் என்று உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு ஓடினாள். திம்மப்பன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். இந்தக் குட்டிக்கு எப்படி இது தெரியும் என்று அவருக்கு ஆச்சரியம்.

மாநாட்டு நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. மைதானம் கொள்ளாத கூட்டம், அதில் பாதிப் பேர் பிரஸ் ஷாப் ஆட்கள். ராமப்பனை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் மாலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். கொட்டகையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. “நான் இருக்கன்” என்று சம்பங்கி, சங்கிலியில் கட்டியிருந்த டீசலை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா கோவிந்தப்பனும் எங்கேயோ கூட்டத்தில் இருந்தார். அத்தனை பேர் இருந்தும், வேலிக்கு இந்தப் பக்கம் அவள் ஒருத்திதான். தூரத்து மேளத்துக்கே டீசல் நடுங்கிக்கொண்டிருந்தது. “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. கிருஷ்ணகிரிக் கிளை ரசிகர்கள் குதித்து இறங்கினார்கள். அவர்களுக்கு இங்கே என்ன பேசி முடிவானது என்று யாரும் சொல்லவில்லை. சணல் சாக்கைப் பிரித்து, தடிமனான சரவெடி ஒன்றை எடுத்து, கொட்டகை வேலி ஓரமாகவே நீளமாகப் பரப்பினார்கள். பாம்பு படுத்திருப்பதைப் போல அது வளைந்து கிடந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் ஊதுபத்தியைக் கொளுத்தினான்.

“அண்ணா, வேணாம்” என்று சம்பங்கி கத்தினாள். மைக் சத்தமும் மேளமும் அதை விழுங்கிவிட்டன. வேலியைத் தாண்டிப் போனாள். “அண்ணா, நாயி இருக்குது” என்று அவன் சட்டையை இழுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே, “தள்ளிப் போ பாப்பா, வெடிச்சிடும்” என்று அவளை ஓரமாக நகர்த்தினான்.

யாரைக் கூப்பிடுவது? மேடை ரொம்பத் தூரம். திரும்பிப் பார்த்தாள். கொட்டகைக்குள் டீசல் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ரோட்டில் லாரிகள் வரிசையாகப் போயின.

சம்பங்கி அங்கே நின்ற மாட்டுவண்டியின் மேல் ஏறினாள்.  வலது கையால் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

முதலில் பார்த்தவன் மேளக்காரன். பிரஸ் ஷாப்பில் இரண்டாவது ஷிப்ட் ஆள். அவன் குச்சி பாதியில் நின்றது. அடுத்தவன் பார்த்தான், அவன் தப்பட்டையும் நின்றது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராக அப்படி அப்படியே நின்றார்கள். சிவப்புச் சட்டைக்காரன் பக்கத்தில் இருந்த இரண்டு பிரஸ் ஷாப் ஆட்கள், என்ன ஏது என்றே தெரியாமல், அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊதுபத்தி திரிக்கு ஒரு ஜாண் தூரத்தில் புகைந்தது.

மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை.

திம்மப்பன் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தார். அவருக்கு முன்னால் கோவிந்தப்பன் வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“யாரு கை?” என்றார்.

“கை இல்லப்பா. டீசலு உள்ள இருக்கான். இவங்க வெடி வைக்கிறாங்க. கத்திப் பார்த்தன், யாருக்கும் கேக்கல.” சம்பங்கிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “வெளையாட்டுக்குச் செய்யலப்பா.”

கோவிந்தப்பன் சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்ற மூன்று கால் நாயைப் பார்த்தார். மகளை வண்டியிலிருந்து தூக்கி இறக்கினார். “சரியாத்தான் செஞ்சிருக்கற” என்றார். அவர் வாயைத் திறந்து பாராட்டியதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

திம்மப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். மைக்கை நிறுத்தச் சொன்னார். பிறகு கையாலேயே பேச ஆரம்பித்தார். மெஷின் ஆஃப். மெதுவாக வேலை செய். உள்ளே அடிபட்ட ஆள் இருக்கிறான். பிரஸ் ஷாப் ஆட்கள் தலையாட்டினார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் காதில் சொன்னார்கள்.

பிறகு நடந்ததை ஓசூரில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. இடிமுழக்கத்தின் கட்அவுட் திறக்கப்பட்டபோது ஒருவரும் விசில் அடிக்கவில்லை. அடித்த தகடு நன்றாக வந்திருக்கிறது என்பதற்குப் பிரஸ் ஷாப்பில் காட்டும் சைகையாக, எல்லோரும் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார்கள். சிவப்புச் சட்டைக்காரனுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். பழக்கதோஷத்தில் விரலை வாயில் வைப்பான், பக்கத்தில் இருப்பவர் இழுத்துவிடுவார். ரோட்டில் போனவர்கள் இது என்ன கூத்து என்று பார்க்க வண்டியை நிறுத்தினார்கள். வேடிக்கை பார்த்தவர்களிடம் எல்லாம் உண்டியல் போனது.

“கூரைக்குத் தகரம் வாங்கிடலாம்” என்றார் திம்மப்பன், மெதுவாக.

“தகரம் வேணாங்க” என்றாள் சம்பங்கி. “மழை பேஞ்சா தடதடன்னு சத்தம் வரும்.”

திம்மப்பன் தலையில் அடித்துக்கொண்டார். “சரி தாயே. ஓடே போட்டுடலாம்.”

சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். ராமப்பனும் அப்பாவும் ஆடுகளுக்குத் தழை வாங்கக் கிளம்பினார்கள். மைதானம் காலியாக, காகிதத் துண்டுகள் மட்டும் கிடந்தன. சம்பங்கி டீசலோடு உட்கார்ந்திருந்தாள். அத்தனை பேர் பாராட்டினார்கள். ஆனால் போகும்போது எல்லோரும் அவரவர் ஆட்களோடுதான் போனார்கள்.  “நீதான்டா எனக்கு” என்றாள் டீசலிடம்.

வேலிப் பக்கம் ஏதோ அசைந்தது. முனிலட்சுமி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“எனக்கு நாயின்னா பயம்” என்றாள், தெலுங்கு வாசம் அடிக்கும் தமிழில்.

சம்பங்கி யோசித்தாள். “அவனுக்கும் உன்னப் பார்த்தா பயம்தான். ரெண்டு பேரும் மெதுவா வாங்க.”

முனிலட்சுமி ஒரு அடி வைத்தாள். டீசல் ஒரு அடி நொண்டியது. அவள் நின்றாள், அதுவும் நின்றது. சம்பங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து முனிலட்சுமி பார்த்ததே இல்லை.

“நீ கோவக்காரின்னு நெனச்சன்” என்றாள் முனிலட்சுமி. “தினம் வாசல்ல நின்னு எங்கள மொறைப்பியே.”

“மொறைக்கல. நீங்க கூப்பிடுவீங்கன்னு நின்னன்.”

 முனிலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டீசல் அவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, அவள் மடியில் பாதியும் சம்பங்கி மடியில் பாதியுமாகப் படுத்துக்கொண்டது.

“நாளைக்கு ஸ்கூலு விட்டதும் நேரா இங்க வந்துடலாம், ரெண்டு பேரும்” என்றாள் முனிலட்சுமி.

சம்பங்கி சரி என்று வாயைத் திறந்தே சொன்னாள்.