இருபத்திரண்டாம் சுற்று

இட்லி சாப்பிட்டுக் கை கழுவியதும் நப்பின்னை ஆர்வ மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். கணவன் பரிதி எதிரே உட்கார்ந்து, சர்க்கரை நோயாளியைக் கவனிக்கிற மாதிரி அவள் முகத்தைக் கவனித்தான்.

"ஏறிடுச்சா?"

"தெரியலையே."

"பேராழி," என்றான் மெதுவாக.

நப்பின்னையின் கண்கள் கலங்கின. மேசைமேல் இருந்த சட்னிக் கிண்ணத்தைக்கூட அவள் அன்போடு பார்த்தாள்.

"ஏறிடுச்சு, கிளம்பு," என்றான் பரிதி.

நேர்முகத்துக்குப் போகிறவர்கள் வீட்டில் இது அன்றாடக் காட்சி. காரணம், மெய்காட்டிச் சட்டம். நேர்முக அறையில் பேசுகிற எவரும் நெற்றியில் ஒரு பட்டை அணிய வேண்டும். உண்மை சொன்னால் பச்சை, பொய் சொன்னால் சிவப்பு. சட்டம் வந்த முதல் வாரத்தில் ஆள் எடுப்பதே நின்றுபோனது. "இந்த நிறுவனத்தில் சேர்வதுதான் என் வாழ்நாள் கனவு" என்ற வாக்கியத்தை நாட்டில் ஒருவராலும் பச்சையாகச் சொல்ல முடியவில்லை. அதை வெறுமனே விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் இல்லாமல் ஒருவரை எப்படி வேலைக்கு எடுப்பது என்று மனிதவளத் துறைகள் கலங்கிப்போயின. மருந்து நிறுவனம் ஒன்று கைகொடுத்தது. மாத்திரை போட்டால் நான்கு மணி நேரத்துக்கு எந்த நிறுவனத்தின் மேலும் உண்மையான காதல் வரும். வாக்கியமும் பிழைத்தது, சட்டமும் பிழைத்தது.

"நாச்சியப்பன் சார் சாயங்காலம் கூப்பிடுவார்," என்று படியிறங்கும்போது பரிதி நினைவூட்டினான். "இன்னிக்கும் பேராழிக்காரங்க இழுத்தடிச்சாங்கன்னா, பேசாம அவருக்கு சரின்னு சொல்லிடு. ரெண்டு வருஷமா ஒரு சம்பளத்துல ஓட்டறோம். எனக்கும் மூச்சு வாங்குது, நப்பு."

நாச்சியப்பன் என்பவர் திருநின்றவூரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் சிறிய நிறுவனம் வைத்திருந்தார். முந்தின நாள்தான் அவள் அங்கே வேலை கேட்டுப் போய்வந்தாள்.

கிண்டிப் படகுத்துறையில் வழக்கமான கூட்டம். கடல் சோழிங்கநல்லூரை எடுத்துக்கொண்டபோது பெரிய நிறுவனங்கள் இடத்தைக் காலி செய்யவில்லை. கோபுரங்களின் அடியில் மிதவை கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டன. போக்குவரத்து நெரிசலும் காலி செய்யவில்லை. அது படகுகளில் ஏறிக்கொண்டது. பேராழி நிறுவனத்தின் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம். நகரத்தின் மின்சாரம், படகு நேரம், கோயில் மணி எல்லாவற்றையும் இயக்கும் மென்பொருள் அங்கிருந்துதான் வந்தது.

நப்பின்னைக்கு அது இருபத்திரண்டாம் சுற்று. முதல் சுற்றுகளில் எழுத்துத் தேர்வு, குழு உரையாடல் என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு பயிற்சிக் கணக்குகள் தந்தார்கள். பன்னிரண்டாம் சுற்றில், "ஒரு கட்டடத்தின் லிஃப்ட்டுகள் மூன்றாம் மாடியில் நின்று யோசிக்கின்றன. கற்பனைச் சிக்கல்தான். தீர்வு எழுதவும்" என்றார்கள். மூன்று வாரம் கண்விழித்து எழுதிக் கொடுத்தாள். அடுத்த முறை போனபோது பேராழியின் லிஃப்ட்டுகள் மூன்றாம் மாடியில் யோசிக்கவில்லை. தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள். மாத்திரை போட்டிருந்ததால் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

நேர்முக அறையில் இளவழுதி என்ற அதிகாரி இருந்தார். நரைத்த மீசை, அளந்து விடும் பேச்சு, மற்ற நாற்காலிகளைவிட ஒரு சாண் உயரமான நாற்காலி. அவர் நெற்றியிலும் மெய்காட்டி இருந்தது. சட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டுமே அது விழிக்கும் என்பதாலும், நேர்காண்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதாலும், அது அவர் நெற்றியில் விபூதியைப் போல அமைதியாக இருந்தது.

"பேராழி ஒரு நிறுவனம் இல்லை, நப்பின்னை," என்றார் இளவழுதி. சொல்லிவிட்டுச் சன்னலுக்கு வெளியே சற்று நேரம் கடலைப் பார்த்தார். "அது ஒரு தவம், இல்லையா?"

"ஆமா சார்," என்றாள். பச்சை.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

"இங்கதான் சார்." பச்சை.

"உங்ககிட்ட உள்ள பெரிய பலவீனம்?"

"வேலைன்னு உக்காந்தா வீடு ஞாபகமே வராது சார்." கரும்பச்சை. அந்த நேரத்தில் அவளுக்குப் பரிதியின் முகம்கூடச் சரியாக நினைவில்லை.

இளவழுதி திருப்தியாகச் சாய்ந்தார். "ரொம்ப நல்லது. எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

உலகத்தின் எல்லா நேர்முகங்களும் இந்தக் கேள்வியில்தான் முடிகின்றன. இது கேள்வி அல்ல, கதவைத் திறந்துவிடும் மரியாதை. "கத்துக்க நிறைய வாய்ப்பு இருக்குமா?" என்று கேட்க வேண்டும். அவர் தலையசைப்பார். எழுந்து வந்துவிட வேண்டும். பயிற்சி மையங்களில் இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நப்பின்னைக்கும் அதுதான் வாயில் இருந்தது. ஆனால் மாலை வரப்போகும் அழைப்பு மனத்தை உறுத்தியது. இங்கே முடிவு சொல்ல எவ்வளவு காலம் ஆகும் என்று எப்படியாவது தெரிய வேண்டும். நேராகக் கேட்டால் மரியாதை இல்லை. சுற்றி வளைத்தாள்.

"சார், நீங்க எத்தனை சுற்று முடிச்சு இங்க வேலைக்குச் சேர்ந்தீங்க?"

இளவழுதி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அது ஆச்சு... ரொம்ப காலம்," என்றார்.

அவர் நெற்றி சிவந்தது.

"அதாவது, சேர்ந்த மாதிரிதான்."

இன்னும் சிவந்தது. கையால் பொத்தினார். விரல் இடுக்கு வழியாக வெளிச்சம் மீசைமேல் விழுந்தது. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். குரல் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.

"ஏம்மா, இதையெல்லாமா கேப்பாங்க? இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட கேட்டதில்ல. எனக்கு இது முப்பத்தோராவது சுற்று. நேர்முகம் நடத்தற திறமை இருக்கான்னு பாக்கறாங்க."

"யார் பாக்கறாங்க?"

"முப்பத்தெட்டாவது சுற்றுல இருக்கற ஒருத்தர். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருப்பார். இன்னிக்கு அவர் பேத்திக்குக் காதுகுத்து, வரல. அதனாலதான் தைரியமா பேசறேன்."

"வாசல்ல செக்யூரிட்டி?"

"ஏழாவது சுற்று. பொறுமை பாக்கறாங்க."

"காபி கொண்டாந்து குடுத்த அம்மா?"

"தலைமைப் பண்பு."

"அப்ப மென்பொருளெல்லாம் எழுதறது யாரு சார்?"

இளவழுதி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்த லிஃப்ட் கணக்கு நல்லா போட்டிருந்தீங்கம்மா. இப்ப நிக்கறதே இல்ல."

நப்பின்னை அந்தக் கணக்குக்காகக் கண்விழித்த மூன்று வாரத்தை நினைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "கம்பெனித் தலைவர்?"

"கடைசிச் சுற்று. ஆறு வருஷமா முடிவுக்குக் காத்துட்டிருக்கார்."

"முடிவு யார் சொல்லணும்?"

"வேலையில இருக்கறவங்க யாராவது." அவர் நெற்றி நல்ல பச்சையாக ஒளிர்ந்தது. "அப்படி ஒருத்தர் இருந்தார். பதவி உயர்வுக்கு நேர்முகம் வெச்சாங்க. தேறல."

"ரெண்டு வருஷம் சார்!" நப்பின்னையின் குரல் உயர்ந்தது. "என் வீட்டுக்காரர் சட்டை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு!"

"எனக்கு ஒன்பது," என்றார் இளவழுதி. அதில் சிறிய பெருமையும் இருந்தது. "காலையில படகு ஓட்டறேன். பிழைப்புக்கு. ஆனா மாமனார் வீட்டுல கேட்டுப் பாருங்க, மாப்பிள்ளை பேராழியில முப்பத்தோராவது சுற்றுன்னுதான் சொல்வாங்க. மச்சினி கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பின்னால அதைத்தான் போட்டாங்க. படிச்ச பட்டத்துக்கு இடமில்லாம போச்சு."

பேசிக்கொண்டே அவர் மேசையில் எதையோ தட்டினார்.

"உங்களை பாஸ் பண்ணிட்டேன். அடுத்தது இருபத்துமூணு. சாதாரணமில்ல, மேசைக்கு இந்தப் பக்கம். புதுசா வர்றவங்களை நீங்க கேள்வி கேப்பீங்க. வந்து உக்காந்து பாருங்க, பரவால்ல."

"வேணாம் சார்."

"சும்மா உக்காருங்கம்மா."

உட்கார்ந்தாள். நாற்காலி சாய்ந்து கொடுத்தது. அங்கிருந்து பார்க்க, எதிர் நாற்காலி மிகவும் தாழ்வாக இருந்தது. கடல் முழுவதும் தெரிந்தது.

"'நாங்க சொல்லி அனுப்பறோம்'னு ஒரு தரம் சொல்லிப் பாருங்க," என்றார் இளவழுதி, எதிரே நின்றுகொண்டு.

"நாங்க சொல்லி அனுப்பறோம்," என்றாள் நப்பின்னை. தன் குரல் இவ்வளவு கம்பீரமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

திரும்பி வரும் படகில் நாச்சியப்பனின் அழைப்பு வந்தது. படகு நெரிசலில் சிக்கி அப்போதே மாலை ஐந்து மணி ஆகியிருந்தது. மாத்திரை இறங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. பேராழி என்று வாய்விட்டுச் சொன்னாலும் கண் கலங்காத நிலை. எனவே அடுத்து நடந்ததற்கு மருந்தின்மேல் பழி போட முடியாது.

"அம்மா, வேலை உங்களுக்குத்தான்," என்றார் நாச்சியப்பன். "திங்கக்கிழமை வந்துருங்க. சம்பளம் பேசினபடி. ஒண்ணாந் தேதி கையில குடுத்துருவேன்."

"சார், அடுத்த சுற்று எப்ப?"

"எந்தச் சுற்று?"

"நேத்து நடந்தது முதல் சுற்றுதானே?"

"அவ்வளவுதாம்மா. மோட்டார் வேலை தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னீங்க. கெட்டுப்போன ஒண்ணைக் குடுத்தேன், ஓட வெச்சுட்டீங்க. இதுக்கு மேல என்ன கேக்கறது?"

"என் கனவு என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே சார்?"

நாச்சியப்பன் யோசித்தார். "அது உங்க சொந்த விஷயமாச்சேம்மா."

நப்பின்னைக்கு அவமானமாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி! கத்தரிக்காய் வாங்கும்போதுகூட நாலைந்தை அமுக்கிப் பார்ப்பார்கள். இப்படிப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக்கொள்ளும் இடத்தில், நாளைக்குப் பக்கத்து மேசையில் யார் யார் வந்து உட்காருவார்களோ! உறவுக்காரர்கள் எத்தனை சுற்று என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒன்று என்பது?

"மன்னிச்சுக்குங்க சார். எனக்கு இருபத்துமூணாவது சுற்று கிடைச்சிருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்து பரிதியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டுக்கொண்டான். பிறகு அவன், "மேசைக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டான். "சரி, அம்மாகிட்ட சொல்லிடறேன். சட்டையை இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்."

நாச்சியப்பனுக்குத்தான் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. எட்டு மாதமாக ஆள் தேடுகிறார். வந்து பார்த்தவர்கள் எல்லாருமே அடுத்த சுற்று எப்போது என்ற இதே கேள்வியைத்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலை, ஊரோடு ஒத்துப்போவோம் என்று ஒரு பலகை எழுதிப் பட்டறை வாசலில் மாட்டினார்: "முதல் சுற்று. வரிசையில் காத்திருக்கவும்." பத்து மணிக்கெல்லாம் வரிசை ரயில் நிலையத்தைத் தொட்டது. அவர் அசந்துபோனார். நல்ல வெயில். அவருக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வந்தார்.

"எதுக்குங்க வெயில்ல நின்னுட்டு? மோட்டார் வேலை தெரிஞ்சவங்க நேரா உள்ள வாங்க. இன்னிக்கே சேர்ந்துக்கலாம்."

வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. முதலில் நின்றவர் பின்னால் நின்றவரிடம் திரும்பினார்.

"இவ்வளவு அவசரமா கூப்பிடறாங்கன்னா உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கு. வாங்க சார், போயிடலாம்."